புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் 'எழுத்தாளனும் வாசகனும்' என்ற பொருளில், ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் சிறுகதை எழுத்தாளருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு அமர்ந்திருக்கிறார். எழுத்தாளன் எழுதுவதோடு நிற்க வேண்டாமா? புத்தகப் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், மேடை போட்டு, மாலை போட்டு விற்பது அவனுக்குக் கௌரவமா? இது நண்பரின் கேள்வி. கேட்டபோது அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். காரணம் இருக்கிறது. அந்த வேலையைச் செய்தவன் நான்.

2009ஆம் ஆண்டில் என் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை ஆயிரம் பிரதி அச்சிட்டேன். அச்சுக்கூலிக்குப் பாதி என் சேமிப்பு, மீதி என் துணைவியாரின் சங்கிலி. அந்தச் சங்கிலியை மீட்க வேண்டும் என்றால் புத்தகம் விற்க வேண்டும். கடைக்காரர் இருபது பிரதி வாங்கி, கீழ்த்தட்டில், ஊதுபத்திக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஆகவே நானே கிளம்பினேன். ஐந்து ஊர்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓர் ஊர். காரின் பின்னால் எட்டுப் பெட்டி, முன்னால் நான், பக்கத்தில் துணைவியார், அவர் மடியில் சில்லறைப் பை.

நம் நாட்டில் நூல் வெளியீடு எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலை பத்து மணி என்று அழைப்பிதழில் இருக்கும். பிரமுகர் வரும்போது பதினொன்றரை. கடவுள் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, ஆய்வுரை. அதன் பிறகு பிரமுகர் முதல் நூலைப் பெறுவார். வரிசையாக ஆட்கள் வந்து கடித உறையைக் கொடுத்து நூலைப் பெற்றுப் படம் எடுத்துக்கொள்வார்கள். கடைசியில் "நேரம் இல்லை, ஏற்புரையைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள் சார்" என்று ஒரு துண்டுச் சீட்டு வரும். புத்தகம் எழுதியவனுக்கு ஐந்து நிமிடம். அதற்குள் பின்வரிசை மீ கோரேங் பக்கம் போய்விடும்.

நான் குறை சொல்லவில்லை. அந்த உறைகள் இல்லாவிட்டால் இந்த நாட்டில் பாதித் தமிழ்ப் புத்தகம் அச்சேறியிருக்காது. ஐம்பது ரிங்கிட் வைத்து இருபது ரிங்கிட் புத்தகத்தை வாங்கிப் போகும் மனிதரிடம், "ஐயா, படிப்பீர்களா?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் முதல் மூன்று ஊர்களிலும் அந்தக் கேள்வியோடுதான் வீடு திரும்பினேன்.

அந்த நாள்களில்தான் சார்லஸ் டிக்கன்ஸ் ஊர் ஊராகப் போன கதையைத் தேடிப் பிடித்துப் படித்தேன். நம்மைவிடப் பெரியவர்கள் இதைச் செய்தார்களா என்று பார்த்து ஆறுதல் தேடுவதுதான் நோக்கம். ஆறுதல் கிடைத்தது. கூடவே பயமும் வந்தது.

டிக்கன்ஸ் அமெரிக்காவுக்கு இரண்டு முறை போனார். முதல் முறை 1842இல். வயது முப்பதை எட்டும் நேரம். அதற்குள் அவர் பெயர் தெரியாத வீடு அங்கே இல்லை. நியூயார்க்கில் பிப்ரவரி 14ஆம் தேதி அவருக்காக நடத்திய விருந்து நடனத்துக்கு ஏறக்குறைய மூவாயிரம் பேர் வந்தார்கள். எங்கே போனாலும் கை குலுக்க வரிசை.

அந்த வரவேற்பில் அவர் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டார். பதிப்புரிமை! அக்காலத்தில் அமெரிக்கப் பதிப்பாளர்கள் ஆங்கிலேய எழுத்தாளரின் நூலை அனுமதியில்லாமல் அச்சடித்து விற்கலாம். தடுக்கச் சட்டம் இல்லை. வாசகர் லட்சக்கணக்கில், எழுத்தாளருக்கு வர வேண்டிய பணம் வந்து சேருவதில்லை. விருந்து மேடையிலேயே இதை எடுத்துப் பேசினார். பத்திரிகைகள் பாய்ந்துவிட்டன. விருந்துக்கு அழைத்தால் பணம் கேட்கிறாரே என்று எழுதின. விருந்தாளி காசைப் பற்றிப் பேசக்கூடாது என்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்தான் போலிருக்கிறது. அமெரிக்காவில் வெளிநாட்டு எழுத்தாளருக்கு உரிமை தரும் சட்டம் 1891இல்தான் வந்தது. டிக்கன்ஸ் இறந்து இருபத்தொரு ஆண்டு கழித்து.

(நம் பள்ளிகளில் ஒரு புத்தகத்தை வாங்கி முப்பது நகல் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஆசிரியர்கள் இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் ஆசிரியராக இருந்தபோது எடுத்திருக்கிறேன்.)

ஊர் திரும்பிய டிக்கன்ஸ் அதே ஆண்டு ஒரு பயண நூல் எழுதினார். அமெரிக்கரின் எச்சில் துப்பும் பழக்கம், பத்திரிகைகளின் தரம், எல்லாவற்றுக்கும் மேலாக அங்கிருந்த அடிமை முறை, எதையும் விட்டு வைக்கவில்லை. அடுத்து வந்த நாவலிலும் அமெரிக்காவைக் கிண்டல் செய்தார். அங்கே கோபம் கொதித்தது. மறுபடி அந்த மண்ணில் கால் வைக்க அவருக்கு இருபத்தைந்து ஆண்டு ஆயிற்று.

இதற்கிடையில் அவர் புதிய தொழில் ஒன்றைக் கற்றுக்கொண்டார். தம் கதையைத் தாமே மேடையில் படிப்பது. 1853 டிசம்பரில் பர்மிங்ஹாமில் ஓர் அறச்செயலுக்காகத் தம் கிறிஸ்துமஸ் கதையைப் படித்தார். அதில் ஓர் இரவு, தொழிலாளர்களுக்கென்றே குறைந்த கட்டணத்தில் ஒதுக்கச் சொன்னார். 1858 ஏப்ரல் முதல் அதையே வருமானத்துக்காகவும் செய்யத் தொடங்கினார். எழுத்தாளர் கட்டணம் வாங்கிக்கொண்டு மேடை ஏறுவது மதிப்புக் குறைவு என்று நெருங்கிய நண்பரே தடுத்தார். நம் நண்பர் இன்று கேட்ட அதே கேள்விதான். நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே கேட்டுவிட்டார்கள்.

அவர் எப்படிப் படித்தார் என்பதை நம் மேடைக்காரர்கள் கவனிக்க வேண்டும். முழுப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு போய்ப் புரட்டவில்லை. மேடைக்கென்று ஒரு தனிப் பிரதி தயாரித்தார். வேண்டாத பத்திகளை வெட்டினார். எங்கே குரல் தாழ வேண்டும், எங்கே கை ஓங்க வேண்டும் என்று ஓரத்தில் குறித்து வைத்தார். அப்படி அவர் கையால் வெட்டித் திருத்திய பிரதி ஒன்று இன்றும் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. மேசையைத் தாமே வடிவமைத்தார். முகத்தில் வெளிச்சம் விழும்படி எரிவாயு விளக்கு, பின்னால் அடர் நிறத் திரை. இரண்டு மணி நேரம். கிழவனாகவும் குழந்தையாகவும் நீதிபதியாகவும் குரல் மாறும். தலைமையுரை இல்லை, வாழ்த்துரை இல்லை!

ரயிலில் நடுங்கிய மனிதர்

1867 நவம்பரில் அவர் மறுபடி கப்பல் ஏறினார். வயது ஐம்பத்தைந்து. பார்ப்பதற்கு எழுபது. குடும்பம் பெரியது, செலவு பெரியது. மனைவியைப் பிரிந்து தனி வீடு, வளர்ந்த பிள்ளைகள், அவர்களின் கடன். அமெரிக்காவில் பணம் கொட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பயணம் முழுக்க ரயிலில். அவருக்கோ ரயில் என்றால் நடுக்கம். 1865 ஜூன் 9ஆம் தேதி இங்கிலாந்தில் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் அவர் வந்த ரயில் பாலத்தில் தடம் புரண்டு பத்துப் பேர் இறந்தார்கள். அவர் இருந்த பெட்டி பாலத்தின் விளிம்பில் தொங்கிக்கொண்டு நின்றது. கீழே இறங்கி, தம் தொப்பியில் தண்ணீர் மொண்டு வந்து அடிபட்டவர்களுக்குக் கொடுத்தார். பிறகு, எழுதிக்கொண்டிருந்த நாவலின் கையெழுத்துப் பிரதி பெட்டியில் இருப்பது நினைவுக்கு வந்து, ஏறிப்போய் எடுத்து வந்தார். எழுத்தாளன் புத்தி! அதன் பிறகு ரயில் கொஞ்சம் வேகம் எடுத்தாலும் இருக்கையின் கையை இறுகப் பிடித்துக்கொள்வாராம். அந்த மனிதர்தான் பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா, வாஷிங்டன், பஃபலோ என்று பனிக்காலத்தில் ரயில் ஏறி இறங்கினார்.

டிசம்பர் 2ஆம் தேதி பாஸ்டனில் முதல் வாசிப்பு. நுழைவுச்சீட்டு இரண்டு டாலர். சீட்டு விற்கும் இடங்களில் முந்தின இரவே மெத்தை, போர்வையோடு வந்து வரிசை பிடித்தார்கள். புருக்ளினில் நடுங்கும் குளிரில் தெருவிலேயே நெருப்பு மூட்டிக் காத்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் வாசகர் இல்லை. தரகர்கள் கூலி கொடுத்து நிறுத்திய ஆட்கள். இரண்டு டாலர் சீட்டைப் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். பழி யாருக்கு? கூடப் போன மேலாளர் ஜார்ஜ் டால்பிக்கு. பத்திரிகைகள் அந்த மனிதரைப் புரட்டி எடுத்தன. சில்லறைப் பை வைத்திருப்பவருக்குத்தான் எப்போதும் ஏச்சு. என் துணைவியாரைக் கேட்டால் சொல்வார்.

கூட்டம் அப்படி. மேடைக்கு வெளியே இருந்த மனிதரின் நிலையோ வேறு. போய்ச் சேர்ந்த சில வாரத்தில் சளி பிடித்தது. கடைசி வரை விடவில்லை. இரவு தூக்கம் இல்லை. இடது கால் வீங்கி, செருப்பில் நுழையவில்லை. உணவு இறங்கவில்லை. கடைசி வாரங்களில் தம் ஒரு நாள் ஆகாரத்தை மகளுக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். காலை ஏழு மணிக்கு ஒரு குவளைப் பாலேட்டில் இரண்டு கரண்டி ரம். நண்பகலில் கொஞ்சம் மதுவும் ஒரு பிஸ்கட்டும். மூன்று மணிக்கு ஷாம்பெயின். மேடை ஏறுமுன் மதுவில் அடித்த முட்டை. இடைவேளையில் மாட்டிறைச்சிச் சாறு. இரவு கொஞ்சம் சூப். இவ்வளவுதான். படுக்கையில் கிடந்தவர் மணி அடித்தால் எழுந்துபோய் இரண்டு மணி நேரம் படிப்பார். மேடையில் இருமல்கூட வராது. இறங்கியதும் சோபாவில் சாய்ந்துவிடுவார்.

மேற்கே சிகாகோ வரை போகும் திட்டத்தைக் கைவிட்டார்கள். இருந்தும் எழுபத்தாறு வாசிப்புகள். செலவெல்லாம் போகக் கையில் நின்றது ஏறக்குறைய பத்தொன்பதாயிரம் பவுண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அந்நாட்டுத் தாள்காசு மதிப்பிழந்திருந்த நேரம் அது. அதை நம்பாமல் நட்டத்துக்குத் தங்கமாக மாற்றியும் இவ்வளவு மிஞ்சியது.

நீளமான சலிப்பு

இந்தக் கணக்கையெல்லாம்விட எனக்கு மனத்தில் நிற்பது ஒரு சிறுமி.

1868இல் மேய்ன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரில் வாசிப்பு. கேட் என்று ஒரு பதினோரு வயதுப் பெண். டிக்கன்ஸ் கதைகளைத் தின்று வளர்ந்தவள். சீட்டு விலை அதிகம் என்பதால் அம்மா மட்டும் போய்விட்டு வந்தார். மறுநாள் ரயிலில் பார்த்தால், அதே வண்டியில் டிக்கன்ஸ்! பக்கத்தில் இருந்தவர் எழுந்துபோன நேரம் பார்த்து, அந்த இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் விரட்டவில்லை. பேச்சுக் கொடுத்தார். உங்கள் புத்தகம் ஏறக்குறைய எல்லாம் படித்துவிட்டேன், சிலவற்றை ஆறு முறைகூடப் படித்தேன் என்றாள். இவ்வளவு தடித்த புத்தகங்களையா என்று அவர் வியந்தார். சலிப்பான இடங்களைத் தாண்டிவிடுவேன் என்று அவள் உண்மையைச் சொன்னாள். சின்னச் சலிப்புகளை அல்ல, நீளமான சலிப்புகளை மட்டும் என்று விளக்கமும் கொடுத்தாள். டிக்கன்ஸ் வாய்விட்டுச் சிரித்து, குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, எந்தெந்த இடம் என்று துருவித் துருவிக் கேட்டார். பெரியவளானதும் அவளும் எழுத்தாளரானாள். கேட் டக்ளஸ் விக்கின் என்ற பெயரில் குழந்தைகளுக்காக எழுதிப் புகழ் பெற்றவர். இந்தச் சந்திப்பை 1912இல் தனி நூலாகவே எழுதினார்.

ஆயிரம் பேர் கைதட்டிய மண்டபத்தில் அவருக்குக் கிடைக்காத ஒன்று அந்த ரயில் பெட்டியில் கிடைத்தது. சீட்டு வாங்க முடியாத பிள்ளையிடம்!

புறப்படும் முன், ஏப்ரல் 18ஆம் தேதி, நியூயார்க் பத்திரிகையாளர்கள் இருநூறு பேருக்கு மேல் கூடி அவருக்கு விருந்து வைத்தார்கள். 1842இல் அவர் யாரைத் திட்டினாரோ, யார் அவரைத் திட்டினார்களோ, அந்தக் கூட்டம். கால் வீக்கத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக, கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டு வந்தார். அங்கே எழுந்து, இருபத்தைந்து ஆண்டில் இந்த நாடும் மாறியிருக்கிறது, நானும் மாறியிருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். அமெரிக்காவைப் பற்றி எழுதிய இரு நூல்களின் இனிவரும் ஒவ்வொரு பிரதியிலும் இதை ஒரு குறிப்பாகச் சேர்ப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். சொன்னபடி சேர்த்தார். எழுதியதை அழிக்கவில்லை, பின்னால் ஒரு குறிப்பு வைத்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

ஊர் திரும்பியவர் ஓய்வெடுத்தாரா? இல்லை. இங்கிலாந்தில் விடைபெறும் பயணம் என்று நூறு வாசிப்புக்கு ஒப்புக்கொண்டார். தம் பழைய நாவலில் ஒரு பெண்ணைத் திருடன் அடித்துக் கொல்லும் கட்டத்தை மேடையில் நடித்துப் படிக்கத் தொடங்கினார். நண்பர்கள் வேண்டாம் என்றார்கள், கேட்கவில்லை. 1869 ஏப்ரலில் உடம்பு மடங்கியது. மருத்துவர் நிறுத்தச் சொன்னார். 1870இல் லண்டனில் பன்னிரண்டு வாசிப்புக்கு மட்டும் அனுமதி வாங்கினார். மருத்துவர் மேடைக்குப் பக்கத்திலேயே அமர்ந்து நாடி பார்ப்பார். வழக்கமாக 72 துடிப்பு. கொலைக் கட்டம் படித்த இரவில் 120ஐத் தாண்டியது. மார்ச் 15ஆம் தேதி கடைசி வாசிப்பு. ஜூன் 9ஆம் தேதி காலமானார். ரயில் கவிழ்ந்த அதே தேதி, ஐந்து ஆண்டு கழித்து. வயது 58. பன்னிரண்டு பகுதியாகத் திட்டமிட்ட கடைசி நாவலில் ஆறு பகுதியோடு நின்றுவிட்டது.

பயம் வந்தது என்று சொன்னேனே, இதனால்தான். எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது, சர்க்கரை வேறு.

கடனுக்காகப் போனவர் இன்னொருவர் உண்டு, மார்க் ட்வைன். 1894இல் அவருடைய பதிப்பகம் முறிந்தது. சட்டப்படி முழுக்கடனையும் அடைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் மனைவி ஒலிவியா ஒரு காசு குறையாமல் கொடுத்தே ஆக வேண்டும் என்றார். அறுபதை நெருங்கும் வயதில், 1895 ஜூலையில், உலகம் சுற்றிப் பேசக் கிளம்பினார். காலில் ராஜபிளவைக் கட்டியோடு! ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கொழும்பு, பம்பாய், கல்கத்தா, தென்னாப்பிரிக்கா. ஓராண்டு. மனைவியும் ஒரு மகளும் கூடப் போனார்கள். மூத்த மகள் சூசி ஊரிலேயே தங்கினார். பயணம் முடிந்து இங்கிலாந்தில் இருக்கும்போது மகளுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்து, தாய் கப்பலேறினார். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே, 1896 ஆகஸ்ட் 18இல், மகள் இறந்துவிட்டார். வயது 24. கடனை 1898இல் முழுவதும் அடைத்தார். வீட்டுக்கு வந்து சேர்ந்த லாபம் என்ன என்று கணக்குப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

நம் மண்ணுக்கும் ஒருவர் வந்தார். 1927இல் ரவீந்திரநாத் தாகூர் சிங்கப்பூரில் இறங்கி, மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று சுற்றினார். 66 வயது, நோபல் பரிசு பெற்றுப் பதினான்கு ஆண்டு ஆகிவிட்டது. அவரே தம் விசுவபாரதிக்கு நிதி வேண்டும் என்று கேட்டுத்தான் வந்தார். ஆகவே, கௌரவமா என்ற கேள்விக்கு என் பதில், அந்தப் பட்டியலின் கடைசியில் எங்கோ நிற்பதில் எனக்கு ஒரு கௌரவக் குறைவும் இல்லை என்பதுதான்.

மழை நாளில் வெட்டு இல்லை

இனி என் நான்காவது ஊர். பேராக்கில் ஒரு பழைய தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு பட்டணம். தோட்டத்தை விற்றுச் செம்பனை போட்டுவிட்டார்கள். ஆட்கள் மலிவு விலை வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். ஆலய மண்டபத்தில் நிகழ்ச்சி. வருவதாக இருந்த பிரமுகர் வரவில்லை. முப்பது பேர்தான் இருந்தார்கள், பாதிப் பேர் முதியவர்கள். ஏற்பாட்டாளர் வருத்தப்பட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வாழ்த்துரை இல்லை! டிக்கன்ஸ் செய்ததைச் செய்து பார்ப்போம் என்று, ஒரு கதையை வெட்டிச் சுருக்கி இருபது நிமிடம் படித்தேன்.

கதை இதுதான். எழுபதுகளின் கடைசி. தோட்டத்துப் பெண்பிள்ளை ஒருத்திக்கு எஸ்.ஆர்.பி. தேர்வு. முந்தின இரவு விடாத மழை. விடியற்காலையில் தாய் பிரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டப் போய்விடுகிறாள். ஒரு நாள் கூலி போனால் அரிசி இல்லை. பிள்ளை தனியாகக் கிளம்புகிறது. மழையில் ஓடை நிரம்பிப் பலகைப் பாலம் மூழ்கிவிட்டது. அக்கரைக்குப் போக முடியவில்லை. பேருந்து போய்விட்டது, தேர்வும் போய்விட்டது. மத்தியானம் பால் வாளியோடு திரும்பும் தாய் ஓடைக்கரையில் மகளைப் பார்க்கிறாள். இந்தக் கதைக்கு ஒரு போட்டியில் பரிசுகூடக் கிடைத்திருக்கிறது. முதல் மூன்று ஊர் ஆய்வுரைகளிலும் இதைத்தான் பாராட்டினார்கள்.

படித்து முடித்தேன். கைதட்டல் வந்தது. இரண்டாவது வரிசையில் ஓர் அம்மா மட்டும் தட்டவில்லை. எழுபத்தைந்து வயது இருக்கும். பிறகு பக்கத்தில் வந்தார்.

"வாத்தியாரே, எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க படிச்சதாலதான் கேட்டேன். ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்கம்மா."

"ராத்திரி பூரா மழைன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் எப்படி அவ வெட்டுக்குப் போனா?"

எனக்கு விளங்கவில்லை. நான் பட்டணத்தில் வளர்ந்தவன். தோட்டத்துப் பள்ளியில் படித்துக் கொடுத்தேன், மரம் வெட்டியதில்லை. அவர்தான் விளக்கினார். மரம் நனைந்திருந்தால் வெட்டமாட்டார்கள். பால் கோட்டில் ஓடி மங்கில் விழாது, பட்டையெல்லாம் வழிந்துவிடும். விழுகிற பாலிலும் தண்ணீர் சேர்ந்துவிடும். பட்டை காய்ந்தால் பொழுது ஏறிய பிறகு தாமத வெட்டு இருக்கும். இல்லாவிட்டால் அன்றைக்கு வேலையே இல்லை.

"மழைன்னா அவ வீட்டுலதான் இருந்திருப்பா. வீட்டுல இருக்கிறவ, பரீட்சைக்குப் போற பிள்ளையைத் தனியா அனுப்புவாளா? புள்ளய அம்போன்னு விட்டுட்டுப் போன பொம்பளைங்கன்னு எங்களை எழுதிட்டீங்களே, வாத்தியாரே."

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆயிரம் பிரதி அச்சிட்டாகிவிட்டது. அறுநூறு பிரதி வீடுகளுக்குப் போய்விட்டது. மூன்று ஆய்வாளர்கள், போட்டி நடுவர்கள், அச்சுக்கோத்தவர், யாருக்கும் இது தெரியவில்லை. அல்லது, யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்கவில்லை.

"அப்படின்னா மழையை எடுத்துடட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"மழை இல்லன்னா ஓடை எப்படி நிரம்பும்?" என்றார். இந்த அம்மாவை நான் ஆய்வுரைக்கு அழைத்திருக்க வேண்டும்!

"சரிம்மா, மழையும் இருக்கு, அம்மாவும் வீட்டுல இருக்காங்க. அப்ப என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? தோள்ல தூக்கிக்கிட்டு ஓடையைத் தாண்டி விடுவா. புத்தகப் பையைத் தலையில வச்சுக்குவா. இடுப்பளவு தண்ணி. அக்கரையில ஈரப்பாவாடையை மாத்தி, பஸ் ஏத்தி விடுவா. அந்தப் பிள்ளையும் போய் எழுதும்."

"அப்புறம் கதை இல்லையேம்மா" என்றேன்.

"நான் அப்படித்தானே என் மகளைக் கொண்டுபோய் விட்டேன்" என்றார். "அவ இப்ப தாதியா வேலை செய்யறா."

அன்றைக்கு அந்த ஊரில் பதினேழு பிரதிகள்தான் விற்றன. அந்த அம்மாவும் ஒன்று கேட்டார். படிக்கத் தெரியாதே என்றேன். மகள் படித்துக் காட்டுவாள் என்றார். காசு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். இருபது ரிங்கிட்டை என் துணைவியார் கையில் வைத்து அழுத்திவிட்டுத்தான் போனார்.

வரும் வழியில் நெடுஞ்சாலையில் நாங்கள் இருவரும் பேசவில்லை. டோல் சாவடி தாண்டியதும் துணைவியார், "மீதிப் பெட்டியை என்ன செய்யப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார். சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருந்தது. விற்காமல் நிறுத்திவிடுகிறேன் என்று வீராப்புப் பேச எனக்கு வசதி இல்லை.

டிக்கன்ஸ் விருந்தில் எழுந்து நின்றது நினைவுக்கு வந்தது. அழிக்காமல், பின்னால் ஒரு குறிப்பு. மறுநாள் ஒரு சிறு சீட்டு அடித்தேன். 'இக்கதையில் வரும் தாய் மழை நாளில் மரம் வெட்டப் போனதாக எழுதியது என் பிழை. மழை நாளில் வெட்டு இல்லை. அவர் வீட்டில்தான் இருந்திருப்பார். மகளை ஓடை கடத்திவிட்டிருப்பார்.' இவ்வளவுதான். மீதிப் பிரதிகள் எல்லாவற்றிலும், கதை முடியும் பக்கத்தில், இருவரும் உட்கார்ந்து பசை தடவி ஒட்டினோம். ஐந்தாவது ஊரில் ஏற்புரையின் ஐந்து நிமிடத்தையும் இதைச் சொல்லவே செலவழித்தேன். தலைமை தாங்கியவருக்குப் பிடிக்கவில்லை. சொந்தப் புத்தகத்தையே குறை சொல்லி யாராவது விற்பார்களா என்றார். அன்று நூற்றுப் பத்துப் பிரதி போனது. அதில் எத்தனை பேர் சீட்டைப் படித்துவிட்டு வாங்கினார்கள் என்பது எனக்குத் தெரியாது.

சங்கிலியை மறு வருடம் மீட்டுவிட்டோம். அந்தக் கதையைத் திருத்தி எழுத நாலைந்து முறை முயன்றேன். தாய் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கும் இடம் வரை வருகிறது. அதற்கு மேல் அந்த அம்மா சொன்னதைவிட நன்றாக எனக்கு எழுத வரவில்லை.

முதல் மூன்று ஊர்களில் வாங்கியவர்களிடம் சீட்டு ஒட்டாத பிரதிகள் இன்னும் இருக்கின்றன. நேயர்களில் யாராவது வைத்திருந்தால், எங்கே என்னைப் பார்த்தாலும் கொண்டுவாருங்கள். சீட்டுக் கட்டு எப்போதும் என் பையில் இருக்கிறது. பசையும் வைத்திருக்கிறேன்.